ராயபுரத்தில் நேற்று வைத்த குழம்பு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் எப்படியும் தெரியப்போகிறது. நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். பன்னிரண்டு வருஷம் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மானேஜராக இருந்தேன். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மீனைக்கூட வாயில் வைக்கவில்லை.

கடை பினாங்கில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. வேலை கேட்டுப் போய் நின்ற அன்று முதலாளி கேட்டது ஒரே கேள்வி: “மீன் தெரியுமா?” நான் கும்பகோணத்துப் பக்கத்துச் சைவக் குடும்பம். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டிருக்கிறேன்; அதற்குமேல் பழக்கமில்லை. ஆனால் அன்று காலையிலிருந்து பட்டினி. “மீனிலேயே வளர்ந்தவன் ஐயா” என்றேன். அந்த மனிதர் நம்பிக் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டார். அப்புறம், எனக்கு வயிற்றுப் புண், டாக்டர் மீன் கூடாதென்கிறார் என்று இன்னொரு பொய்யை முதல் பொய்க்குக் காவல் வைத்தேன். எந்த மீன் எப்படி என்பதைச் சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புருவம் உயர்ந்தால் வஞ்சிரம். கண் மூடினால் வவ்வால். விரலைத் தொண்டைக்குள் விட்டால் கவளை.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பேன். ஆனால் கடையின் பழைய சமையல்காரர் கண் மங்கி ஊருக்குப் போனார். புதிதாக வந்தவர் வைத்த குழம்பை ஒரு மாதம் தின்று பார்த்துவிட்டு, தோணிக்காரர்களும் கிடங்குக் கூலிகளும் எதிர்க்கடைக்குக் குடிபெயர்ந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். இளவயதில் கப்பலுக்குக் காத்திருந்தபோது ராயபுரத்தில் ஒரு வாரம் மீன் குழம்பு சாப்பிட்டாராம். அது இன்னும் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறதாம்.

“நீ ராயபுரத்துக்குப் போ. அந்த மாதிரி ஒரு கையைக் கூட்டிக்கிட்டு வா. மீனிலேயே வளந்தவன், உனக்குத் தெரியாததா? கை கிடைக்கலேன்னா நீயும் வரவேண்டாம்.”

கப்பலில் நான் சாப்பிட்டதைவிடத் திருப்பிக் கொடுத்தது அதிகம். ஆகவே அந்தக் கதையை விட்டு நேராக ராயபுரம்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருஷமாகியும் அரிசி ரேஷனில்தான் வந்துகொண்டிருந்தது. துறைமுகச் சுவரை ஒட்டி நிலக்கரி, அதை அடுத்து உப்பு மூட்டை, அதை அடுத்து காயப்போட்ட கருவாடு. காற்று இந்த மூன்றையும் கலந்து ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. பினாங்கு ரிக்ஷாவில் ஓட்டுகிறவன் பின்னால் மிதிப்பான், ஏறினவன் முன்னால் இருப்பான். மோதினால் முதல் அடி ஏறினவனுக்கு. இங்கே ஆள் முன்னால் நின்று இழுக்கிறான். ஏறினவனுக்குப் பாதுகாப்பு அதிகம், மனசாட்சிக்கு உறுத்தலும் அதிகம் என்று நான் தத்துவம் யோசித்துக்கொண்டிருந்த நிமிஷத்தில் வானம் தெரிந்தது. வண்டி பின்பக்கம் சாய்ந்து, நான் மல்லாந்து, என் இரண்டு செருப்பும் ராயபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

“இன்னா நைனா, மல்லாந்துட்டே?” என்று மேலிருந்து ஒரு முகம் விசாரித்தது. இழுத்து வந்த முனுசாமிதான். “நம்ம தோஸ்து ஒர்த்தன் கூப்ட்டான். கைய தூக்குனேன். அவ்ளோதான்.”

கையைத் தூக்கியபோது அந்தக் கையில் ரிக்ஷாக் கம்பும் இருந்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு ஒரு சின்ன விஷயம். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. தங்கியிருக்கிற நாள் முழுக்க அவனையே வைத்துக்கொண்டேன். என் முதுகு இதற்குச் சம்மதிக்கவில்லை.

நான் தங்கியது ஞானமுத்து அண்ணாச்சி வீட்டில். முதலாளிக்குச் சின்ன வயதுச் சிநேகிதர், தெற்கத்திக்காரர், ராயபுரத்தில் மிளகாயும் புளியும் மொத்தமாக விற்கிற மண்டி வைத்திருந்தார். முன்னால் மண்டி, பின்னால் வீடு, நடுவில் தும்மல்.

“வாங்க தம்பி, வாங்க. மீனிலேயே வளந்தவருன்னு கடுதாசி போட்டிருக்காரு. நமக்கு நல்லதாப் போச்சு. நல்ல மீனு எதுன்னு எங்களுக்கும் சொல்லிட்டுப் போங்க” என்றார், பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த முனுசாமிக்கும் கேட்கும்படி.

நான் தும்மினேன். அந்த வீட்டில் அதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்ளாதது நல்லதாயிற்று.

அன்று மத்தியானமே அண்ணாச்சி சொன்ன மிலிட்டரி ஹோட்டலுக்குப் போனேன். வேலையைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு வாரத்துக்குள் மீன் தின்னப் பழக வேண்டும், வேறு வழியில்லை. வாசல்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஊர்க்காரர் யாராவது பார்க்கிறார்களா என்று தேடினேன். கும்பகோணம் இருநூறு மைல் தள்ளி இருந்தது. வஞ்சிரம் வறுவல் வந்தது. வட்டமாக ஒரு துண்டு, நடுவில் ஒரே ஒரு எலும்பு. கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். வாழைக்காய் வறுவல்! சற்றுக் கௌரவமான வாழைக்காய், அவ்வளவுதான். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இனி எல்லா மீனையும் காய்கறியாக மாற்றி மனசில் எழுதிக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தேன். சமையலறையிலிருந்து மாஸ்டர் வந்து, தோளில் துண்டோடு நின்று, “எப்படி சார்?” என்றார். அனுபவசாலி போலப் புருவத்தை உயர்த்தினேன்.

இரண்டாம் நாள் விடிந்ததும் முனுசாமி கடற்கரைக்கு இட்டுப் போனான். கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. மணலில் கூறு கூறாக மீன். சிவப்பாகச் சங்கரா, இடுப்பில் கட்டிக்கொள்ளலாம் போல வெள்ளிப் பட்டையாக வாளை, சாட்டை வாலோடு திருக்கை, சுண்டுவிரல் நீளத்துக்கு நெத்திலி, குவியலாக. ஏலம் கூறுகிறவன் குரலும் காக்கைகளின் குரலும் ஒரே சுருதியில் இருந்தன. கூடையை வைத்துக்கொண்டு குந்தியிருந்த ஓர் அம்மாளிடம் போய், மானேஜர் குரலில், “புது மீன்தானா?” என்று கேட்டேன்.

அவள் ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கி என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். நான் இரண்டடி பின்வாங்கினேன்.

“இன்னாய்யா, மீனு உன்ன நல்லா பாக்குது. நீ அத்த பாக்க மாட்டேன்றே?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முனுசாமி சிரிக்கவில்லை. என்னை ஒரு தினுசாகப் பார்த்தான்.

மத்தியானம், “ஒரு எடத்துக்கு வா நைனா, நீ தேடற கை அங்க கீதான்னு பாரு” என்று கூட்ஸ் யார்டுச் சுவரோரமாக இழுத்துப் போனான். கிழிந்த பாய்மரத் துணியும் தகரமும் சேர்த்துப் போட்ட ஒரு சார்ப்பு. கீழே நாற்பது பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். எல்லோரும் துறைமுகத்து ஆட்கள், முகத்தில் கரி. நடுவில் மண்சட்டியும் அகப்பையுமாக ஒரு பெண். பெயர் கன்னியம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். சோற்றைத் தாராளமாகப் போடுவாள், பேச்சில் மட்டும் கஞ்சம்.

அலுமினியத் தட்டில் சோறு விழுந்தது. சோற்றின்மேல் குழம்பு. குழம்புக்குள் விரல் நீளத்தில் மூன்று மீன்.

“என்ன மீன் அம்மா?”

“கவள.”

எதிர்பார்த்தபடியே முதல் கவளத்தில் முள் தொண்டையில் நின்றது. பக்கத்திலிருந்தவர் என் முதுகில் ஓர் அறை விட்டார். “வெறுஞ் சோத்த உருண்ட புட்ச்சி முயுங்கு. மெல்லாத!” விழுங்கினேன். முள் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புளிப்பு முதலில் வந்தது, பின்னாலேயே காரம், எல்லாம் அடங்கின பிறகு மெதுவாக ஒரு தித்திப்பு. எந்தக் காயோடு ஒப்பிடுவது என்று தேடினேன். இந்தத் தடவை காயே அகப்படவில்லை. இரண்டாம் தட்டு வாங்கினேன். முதலாளியின் நாக்கில் உட்கார்ந்திருப்பது இதுதான் என்று எனக்கே புரிந்துவிட்டது. வேலை முடிந்தது, நாளைக்கே கப்பலைப் பார்க்கலாம்.

அந்த மட்டோடு எழுந்திருக்கலாமில்லையா? “எப்போது வைத்த குழம்பு அம்மா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“நேத்து.”

கை தட்டிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் நேற்றுச் சமைத்ததை மாட்டுக்குக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் வைப்பார்கள். எனக்குள்ளிருந்த கும்பகோணமும் மானேஜரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள்.

“அம்மா, நான் பினாங்கில் ஒரு பெரிய கடைக்கு ஆள் தேடி வந்திருக்கிறேன். உங்கள் கை நல்ல கைதான். ஆனால் பழைய குழம்பை ஜனங்களுக்குப் போடுகிற வழக்கம் எங்கள் கடையில் செல்லாது.”

பினாங்கு என்றதும் அவள் அகப்பை நடுவில் நின்றது. பிறகு, “சரி, ஏந்துரு மேனேஜரே. அப்பால ஆளு நிக்குது” என்றாள்.

திரும்பி வரும் வழியில் முனுசாமி இரண்டு தடவை கம்பை விட்டான். தோஸ்து யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் படிப்பைத் தொடர்ந்தேன். காலையில் அண்ணாச்சி வீட்டில் சுறாப்புட்டு: வேகவைத்து உதிர்த்து, பூண்டு போட்டுப் பிரட்டினது. பருப்பு உசிலி என்று குறித்துக்கொண்டேன். மூன்று தரம் வாங்கித் தின்ற பிறகு அண்ணாச்சி வீட்டு அம்மாள், “நல்லாத் தின்னுங்க. பிள்ள பெத்தவளுக்கு இதத்தான் குடுக்கது” என்றார். மத்தியானம் ஹோட்டலில் கடம்பா, அதாவது கணவாய். அது சைக்கிள் டியூப். இறால் கொஞ்சம் சுலபம். அது தானே வெட்கப்பட்டுச் சுருண்டுகொள்கிறது, நமக்கு வெட்கம் போய்விடுகிறது.

நாலாம் நாள் எண்ணூரில் ஒரு நல்ல சமையல்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரயிலேறினேன். ரிக்ஷாவை மண்டி வாசலில் கட்டிப் போட்டுவிட்டு முனுசாமியும் வந்தான். திருவொற்றியூர் தாண்டி ஒரு கூட்ஸ் வண்டிக்கு வழிவிட்டு எங்கள் ரயில் நின்றது. நின்றதும் டிரைவரே இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டார். இதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் கேட்டேன். “நடந்தா நீ முன்னால போய்டுவே” என்றார்கள். நடந்தோம்.

எண்ணூரில் கழிமுகத்துச் சேற்றில் பெண்கள் இடுப்பளவு இறங்கி, கையாலேயே துழாவி நண்டும் மட்டியும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேடிப்போன சமையல்காரர் ஆறு மாதத்துக்கு முன்பே ரங்கூன் போய்விட்டாராம். வந்ததற்கு ஒரு டீக்கடையில் நண்டு சாப்பிட்டோம். நண்டு ஒரு பூட்டு. நான் சாவி இல்லாமல் பல்லால் திறக்கப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது, கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை போயிற்று. முனுசாமி ஒரு கொடுக்கை எடுத்து, டீக் கிளாசின் அடியால் ஒரே தட்டு தட்டி, உள்ளிருந்த வெள்ளைச் சதையை என் தட்டில் போட்டான். போட்டுவிட்டுக் கேட்டான்:

“மெய்யாலுமே சொல்லு நைனா. நீ மீன் துன்றவனா?”

“பன்னிரண்டு வருஷமாக மீன் கடை மானேஜர் அப்பா நான்.”

“அத்த கேக்கல.”

நான் கழிமுகத்தின் இயற்கை அழகைப் பார்க்க ஆரம்பித்தேன். அவனும் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சொன்னான்: “அந்தக் கொயம்பு கட கன்னியம்மா எங்க அக்காதான்.”

மீதியை அவன் துண்டு துண்டாகச் சொன்னான். அவள் புருஷன் மூன்று வருஷத்துக்கு முன் பினாங்குக்குத் தோணி வேலைக்குப் போயிருக்கிறார். முதல் வருஷம் கடுதாசி வந்தது, வா என்று. அப்புறம் இரண்டு வருஷமாகக் கடுதாசியே இல்லை. போய்ப் பார்க்கலாமென்றால், அங்கே வேலை கொடுக்கிற கடையிலிருந்து ஒரு காகிதம் இருந்தால்தான் விடுவார்களாம்.

“மாமன் கீறாரா, இல்ல இன்னொரு குடும்பம் கட்டிகினாரா, ஒண்ணுமே தெரில. அது அயுவாது நைனா. ஆனா தெனம் கப்பல் எண்ணும். உன்ன அங்க இட்டுகினு போனது நான்தான். அது கேக்கல.”

நான் நண்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். இருந்தாலும் முட்டாள்தனம் என்பது நிதானமான பிராணி. அவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி செய்யாது. “பரிதாபம்தான். ஆனால் பழைய குழம்பு பழைய குழம்புதானே?” என்றேன். அவன் எழுந்து போய்க் கழிமுகத்தில் கை கழுவினான்.

திரும்பும்போது திருவொற்றியூரில் இறங்கி, நாலு நாள் பாவத்துக்குச் சுவாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று கோயிலுக்கு நடந்தேன். மாடவீதியில் ஒரு பூனை என் கையை மோந்துகொண்டே பின்னால் வந்தது. சந்நிதித் தெரு வருவதற்குள் மூன்று பூனைகள். சுவாமி மன்னித்திருப்பார், இவ்வளவு சாட்சிகளோடு உள்ளே போக எனக்குத்தான் தைரியமில்லை. வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு பரீட்சை வைத்தேன். நியாயஸ்தன் என்று பெயர் வாங்க ஆசை. அண்ணாச்சி குடும்பத்தோடு செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், சமையலறை காலி. ஹோட்டல் மாஸ்டரும் கன்னியம்மாவும் என் கண்ணெதிரே ஒரே மீனில் குழம்பு வைக்க வேண்டும், வைத்தவுடன் சுடச்சுட நான் சாப்பிட்டுப் பார்ப்பேன், ஜெயித்தவருக்கு, முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பிய பினாங்குக் காகிதம். மாஸ்டர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். கன்னியம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். முனுசாமி ரிக்ஷாவில் சட்டியை வைக்கோல் சுற்றி உட்காரவைத்து இழுத்து வந்தான். அவள் பக்கத்தில் நடந்து வந்தாள். அந்தச் சட்டி மல்லாக்க விழவில்லை என்பதையும் கவனித்தேன்.

மாஸ்டர் வறுத்து, அரைத்து, கடைசியில் தேங்காய்ப் பாலை ஊற்றினார். வீடு முழுக்க மணம். அவள் புளியைக் கரைத்தாள், தூளைப் போட்டாள், கொதித்ததும் கவளையைப் போட்டாள், நல்லெண்ணெய் விட்டாள், இறக்கினாள். நான் தட்டை எடுத்தேன்.

“இன்னிக்கி துன்னாதே மேனேஜரே. நாளைக்கி துன்னு.”

“கடைக்கு வருகிறவன் நாளைக்கா சாப்பிடுவான் அம்மா?” என்றேன். மாஸ்டர் குனிந்து சிரித்தார். என் சமயோசிதத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

மாஸ்டர் குழம்பு பட்டாடை கட்டினது மாதிரி இருந்தது. அவளுடையதில் புளி ஒரு பக்கம் நின்றது, காரம் ஒரு பக்கம் நின்றது, மீன் யாரோடும் பேசாமல் தனியாகக் கிடந்தது. தீர்ப்பைச் சொல்லிக் காகிதத்தை மாஸ்டர் கையில் கொடுத்தேன். அவள் சட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் தெருவில் இறங்கினாள். முனுசாமி என்னைப் பார்த்து, “நல்லா வளந்தே நைனா மீன்ல” என்றான். போய்விட்டான்.

ஆறாம் நாள் மத்தியானம் அண்ணாச்சி மட்டும் பசியோடு கல்யாணத்திலிருந்து திரும்பி வந்தார். வீட்டில் சமையல் இல்லை. என் பரீட்சைச் சட்டிகள் இரண்டும் மூலையில் மூடியிருந்தன. சோற்றை மட்டும் வடித்து இருவரும் உட்கார்ந்தோம். அவர் மாஸ்டர் சட்டியைத் திறந்தார், உடனே மூடினார். தேங்காய்ப் பால் வெயிலில் புளித்து நுரைத்திருந்தது. “இதக் கொண்டுபோய் நாய்க்கு ஊத்துங்க தம்பி. அதுவும் யோசிச்சுத்தான் குடிக்கும்.” மற்றச் சட்டியைத் திறந்து ஓர் அகப்பை விட்டுக்கொண்டார். பிசைந்தார். சாப்பிட்டார். கண் மூடியிருந்தது, வவ்வாலுக்குக்கூட நான் பார்த்திராத மாதிரி.

“இது யாரு வச்சது?”

“தோற்றுப்போனவள்.”

“இதா தோத்துது? எப்பத் தின்னு பாத்தீரு?”

“வைத்தவுடனே. சுடச்சுட.”

அண்ணாச்சி கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வே, மீன் கொழம்ப வச்ச அன்னைக்கே தின்னா தீர்ப்புச் சொன்னீரு? ஒரு ராத்திரி புளிக்குள்ள கெடக்காம மீனுல உப்பும் ஒறப்பும் எப்படிவே எறங்கும்? இது எங்க கடப்பக்கம் தவழுத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.” சற்று நிறுத்தினார். “நீரு மீன் திங்கிற ஆளே கெடயாது.”

நான் தும்மிப் பார்த்தேன். இந்தத் தடவை பலிக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே அந்தக் குழம்பை விட்டுப் பிசைந்து தின்றேன். நேற்றுத் தனியாகக் கிடந்த மீன் இன்று வீட்டுக்காரனாக ஆகியிருந்தது. இரண்டாம் நாள் சார்ப்பில் எழுந்து நின்ற அதே நாக்கு மறுபடி எழுந்து நின்றது. கூடவே பினாங்கில் நடந்த ஒன்று ஞாபகம் வந்து, சோறு தொண்டையில் நின்றது. கவளை முள்ளைவிட மோசமாக.

எங்கள் பழைய சமையல்காரர் தினமும் சாயங்காலம்தான் மறுநாள் குழம்பை வைப்பார். சோம்பேறித்தனம் என்று பன்னிரண்டு வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். கப்பலில் சரக்கு இறக்கி முடித்தால்தான் எங்கள் தோணிக்காரர்கள் கரைக்கு வருவார்கள்; ஒரு சட்டி இரண்டு நாள் நிற்க வேண்டும். புதியவர் வேலைக்கு வந்த அன்று நான் முதல் காரியமாகப் போட்ட சட்டம் இது: அன்றன்று வைத்ததை அன்றன்றே போட வேண்டும், மிஞ்சினதைக் கொட்டிவிட வேண்டும். கடையைக் கவிழ்த்தது அந்த மனிதரின் கை இல்லை. மானேஜரின் சுத்தம்.

அண்ணாச்சிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். சிரிப்பு நின்றதும் அவர் கேட்டார்: “அப்ப ஆளே வேண்டாமே? ஒரு தந்தி அடிச்சு அந்தச் சட்டத்த எடுத்துட்டா தீந்துபோச்சே?”

எனக்கும் அது தோன்றாமலில்லை. யாருக்கும் தெரியாமல் தப்பிக்க அருமையான வழி. ஆனால் ‘தெனம் கப்பல் எண்ணும்’ என்று முனுசாமி சொன்னது ஞாபகம் வந்தது. புதியவர் பொரியலை நன்றாகத்தான் செய்வார், அதோடு இருக்கட்டும். முதலாளி கேட்டது ஒரு கை. கை இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அதன் முகத்தில் விழிப்பதுதான் கஷ்டம்.

முதலில் மாஸ்டரிடம் போய், காகிதத்தைத் திரும்பக் கேட்டேன். எடுத்துக்கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கடல் தாண்டிப் போனால் தாலியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். “நீங்க அந்தம்மாவ வேணாம்னு சொன்னப்பவே நெனச்சேன் சார், இவரு சைவம்னு” என்றார்.

பிறகு கூட்ஸ் யார்டுச் சுவர். வரிசை எழுந்து போகும்வரை நின்றேன். கன்னியம்மா சட்டியைச் சாய்த்து வழித்துக்கொண்டிருந்தாள். முனுசாமி ரிக்ஷாவில் உட்கார்ந்து என்னைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

“தப்புப் பண்ணிவிட்டேன் அம்மா. நீங்கள் வர வேண்டும்.”

“நீ மீன் துன்றவனா, இல்லியா? அத்த சொல்லு மொதல்ல.”

“இல்லை. பன்னிரண்டு வருஷமாகப் பொய். இப்போது ஆறு நாளாகத் தின்கிறேன்.”

அவள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, வழித்ததையெல்லாம் அதன்மேல் விட்டு என் முன்னால் வைத்தாள். இரண்டு கவளை. குந்தினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பக்கத்தைப் பிளந்து, முதுகெலும்பை வால்வரை ஒரே இழுப்பில் எடுத்துத் தட்டோரம் வைத்தேன். எப்போது கற்றுக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“ஆறு நாள்ல பரவால்ல” என்றாள். இடுப்பிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்தாள்; மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகியிருந்தது. “இந்த வெலாசம் கடைக்கிட்டக்க கீதா?”

படித்தேன். எங்கள் கடையிலிருந்து பத்து நிமிஷ நடை. தோணிக்காரர்கள் தங்குகிற கிடங்குத் தெரு. அங்கேயிருந்துதான் எங்கள் வாடிக்கைக்காரர்கள் வருவார்கள். அவர்களில் அவர் இருந்தாரா, நான் அவருக்கும் வவ்வாலைச் சிபாரிசு செய்தேனா, தெரியாது. “பக்கம்தான் அம்மா” என்றேன். அவள் நாலு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறுபடி சொருகிக்கொண்டாள்.

காகிதங்கள் கைக்கு வர ஒரு மாதமாயிற்று. அந்தக் கதை எனக்கே தூக்கம் வரவழைக்கும், விட்டுவிடுகிறேன். அந்த மாதம் முழுக்க ராயபுரத்தில் மீன் தின்றேன். காய்கறிப் பட்டியலைக் கிழித்துப் போட்டாயிற்று. சங்கரா சங்கராதான், நாக்கு மீன் நாக்கு மீன்தான். கடம்பா மட்டும் இன்னும் சைக்கிள் டியூப்.

கப்பல் நாளன்று முனுசாமி எங்கள் சாமான்களை இழுத்து வந்தான். அவளுக்கு ஒரு தகரப் பெட்டி, வைக்கோல் சுற்றின இரண்டு மண்சட்டி. துறைமுக வாசலில் ஒரு சிப்பாய் சட்டிக்குள் என்னவென்று திறந்து பார்த்தார். நேற்று வைத்த குழம்பு, வழிக்கு. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சல்யூட் அடிக்காத குறையாக வழி விட்டார்.

“அக்காவ பாத்துக்கோ நைனா” என்று முனுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும். பின்னால் ஆளில்லாத ரிக்ஷா மெதுவாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்தது.

கப்பல் நகர்ந்து கட்டடங்கள் சின்னதாகும்வரை அவள் கரையைப் பார்க்கவில்லை. போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் மானேஜர் விழித்துக்கொண்டான். இவளை நம்பி முதலாளிக்கு எழுதியாகிவிட்டது. அந்தக் கிடங்குத் தெருவில் புருஷன் அகப்பட்டு, வா என்று கூப்பிட்டுவிட்டால் என் கதி என்ன? கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்:

“அவர் கிடைத்துவிட்டால், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையை விட்டுப் போய்விடுவீர்களா அம்மா?”

அவள் சட்டியின் வைக்கோலைச் சரி செய்துகொண்டே சொன்னாள்:

“மொத நாளே கொயம்பு வச்சிட்டுத்தான் போவேன்.”